சுவரில் மாட்டிய தட்டி

அந்தக் கண்கள் எங்கள் பள்ளித் தலைமையாசிரியையின் கண்கள். பூமாதேவியின் கண்கள் அல்ல. மழை வேண்டி மலை ஜனங்கள் காலங்காலமாக வரைந்துவந்த சின்னமும் அல்ல. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையை அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எப்படிப் பார்ப்பாரோ, அந்தப் பார்வையைத்தான் நான் வரைந்தேன். கரும்பலகைக்குப் பூசி மிஞ்சின கறுப்புப் பெயிண்டும், பள்ளிக்கூடத்து கேட்டுக்கு அடித்து மிஞ்சின மஞ்சள் பெயிண்டும் கைவசம் இருந்தன. அதை வைத்து வரைந்தேன். எத்தனையோ வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "இருந்தாலும் அந்த வடிவம் எங்கிருந்து வந்திருக்கும்?" என்று மறுபடியும் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

போன மாதம்கூட ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து, என் வீட்டுக் கூடத்தில் தொங்கும் தட்டியைப் படம் எடுத்துக்கொண்டு, "இதை வரைஞ்சது யாருன்னு தெரியுமாம்மா?" என்று என்னையே கேட்டாள். நான்தான் என்றேன். அவள் சிரித்தாள். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் முடிந்ததும் எங்கள் பக்கத்து ஊர்களில் எருது விடுவார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் அடைந்து நிற்க, நடுவில் மாட்டை ஓட விடுவார்கள். மாட்டின் இரண்டு கொம்புகளையும் சேர்த்து மூங்கில் பிளாச்சில் செய்த ஒரு பலகை கட்டியிருக்கும். அதுதான் தட்டி. இரண்டு முழம் அகலம் இருக்கும். மேலே துணி ஒட்டி, வர்ணம் தீட்டி, ஜிகினா வைத்திருப்பார்கள். ஓடுகிற மாட்டின் கொம்பிலிருந்து அதைப் பிடுங்கவேண்டும். பிடுங்கினவனுக்கே அது சொந்தம். அவன் அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிவைப்பான். மாட்டுக்காரன் அவனைத் தேடிப்போய், முகம் சுளிக்காமல், தோளில் ஒரு துண்டைப் போட்டு மரியாதை செய்யவேண்டும்.

இதில் எங்கள் ஊரில் இரண்டு விதிகள் உண்டு. யாரும் பிடுங்காமல் திரும்பி வந்த தட்டியை எவனும் சுவரில் மாட்டக்கூடாது. அது பரணில்தான் கிடக்கவேண்டும். மாட்டினால் பொய் சொன்ன மாதிரி. இரண்டாவது, சொந்த வீட்டு மாட்டின் தட்டியைச் சொந்த வீட்டுக் கை பிடுங்கக்கூடாது. பங்காளிகளும் கூடாது. மாப்பிள்ளை பிடுங்கலாம், ஏனென்றால் அவன் அடுத்த வீட்டுக்காரன். பொம்பளைகளுக்கு விதியே இல்லை. நாங்கள் தெருவில் இறங்கினால்தானே விதி.

எங்கள் ஊர் ஓசூரிலிருந்து தளி போகிற சாலையில் இருந்தது. அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் இன்றைக்கு இருக்கிற கம்பெனிகள் ஒன்றும் அப்போது கிடையாது. தாலுகா ஆபீஸும் சந்தையும் பஸ் நிற்கிற இடமும்தான் ஊர். வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவோம். அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். சந்தைக்குப் போனால் கன்னடம். நான் டிராயிங் பரீட்சைகள் தேறி, ஓசூரில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். அந்தக் காலத்துக் குளிரை இப்போது எல்லோரும் புகழ்கிறார்கள். விடிவதற்கு முன்னால் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்று பார்த்திருந்தால் புகழமாட்டார்கள்.

நைனா கெட்டவர் இல்லை. வேலைக்குப் போகவிட்டார். ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு வார்த்தை வைத்திருந்தார். வரைவதற்குத் தனியாக ஒரு மூலை கேட்டால், "நீ அடுத்த வூட்டுக்குப் போறவ, உனக்கென்னாத்துக்கு மூலை?" கிணற்று மேட்டில் நான் நட்ட கொய்யாவை வெட்டாதீர்கள் என்றால், "அடுத்த வூட்டுக்குப் போறவளுக்கு மரம் எதுக்கு?" கோபமாகச் சொல்லமாட்டார். வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

அந்த வருடம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு தளிக்கு அப்பால். நிலம், மோட்டார் கிணறு, எல்லாம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: பெண் வேலையை விடவேண்டும், படம் வரைகிற வேலையெல்லாம் வேண்டாம். நைனாவுக்கு அது நியாயமாகவே பட்டது. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அவர் இறங்கிவந்து சொன்னது இதுதான்.

"உன் படத்த வெளி ஆளு எவனாவது அவன் செவுத்துல மாட்டட்டும். உன் பேரு போட்டு மாட்டட்டும். நான் கண்ணால பாக்கறேன். பாத்துட்டா வேலைய வுடச் சொல்ல மாட்டேன், அவங்ககிட்ட நானே பேசறேன். இல்லன்னா வாய மூடிக்கிட்டு கழுத்த நீட்டு."

அந்த நேரத்தில்தான் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்திலிருந்து பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. எல்லைப்புறத்து ஊர்களில் வரைகிறவர்களின் படங்களைக் கண்காட்சியில் வைக்கிறோம், நேரில் கொண்டு வாருங்கள் என்று. பள்ளிக்கூடத்தில் அதை எனக்குக் காட்டினது தலைமையாசிரியைதான். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "போ" என்றார். அதற்கு மேல் அவர் பேசமாட்டார்.

மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்தேன். பனியில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் ஒன்று. அத்திப்பள்ளி செக்போஸ்டில் வரிசையாக நிற்கிற லாரிகளும், அதற்கிடையில் கடலை விற்கிற பெண்களும் ஒன்று. களி கிண்டுகிற அம்மா ஒன்று. காடாத் துணியில் ஆயில் பெயிண்ட். பஸ்ஸில் கொண்டுபோனால் நசுங்கிவிடும் என்று ஒரு பக்கம் கெட்டி அட்டை வைத்தேன். மறுபக்கம் வைக்க ஒன்றும் அகப்படவில்லை. பரணைத் துழாவினபோது எங்கள் மாட்டின் தட்டி கையில் தட்டுப்பட்டது. அதைத் துடைத்து, முட்டுக் கொடுத்து, பெட்ஷீட்டால் சுற்றிக் கட்டினேன்.

அந்தத் தட்டி அந்த வருடம் நான் செய்தது. எங்கள் பக்கத்தில் தட்டியில் தாமரை போடுவார்கள், சாமி படம் ஒட்டுவார்கள். நான் வேறு மாதிரி யோசித்தேன். தட்டியைப் பார்க்கிறவன் சும்மா நின்று பார்க்கிறவன் இல்லை. எதிரில் ஓடி வருகிறவன். அவன் கை ஒரு நொடி தயங்கினால் போதும், மாடு தாண்டிப் போய்விடும். எதைப் பார்த்தால் கை தயங்கும்? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். கறுப்பில் இரண்டு பெரிய மஞ்சள் கண்கள். மேல் இமை கொஞ்சம் இறங்கி, பார்வை கண்ணாடிக்கு மேலாக வருகிற மாதிரி. கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் பாப்பா, மாடு மெரண்டுறப் போவுது" என்றான்.

அந்த வருடம் எங்கள் ஊரில் எருது விடவில்லை, ஏதோ ஊர்ச்சண்டை. அண்ணன் மாட்டை எல்லைக்கு அந்தப்பக்கம், ஆனேக்கல் பக்கத்து ஊருக்கு ஓட்டிப்போனான். நைனாவுக்குக் காய்ச்சல், போகவில்லை. அண்ணன் திரும்பி வந்து, "எவனும் தொடக்கூட முடியல" என்று சொல்லி, தட்டியைப் பரணில் தூக்கிப் போட்டான். கட்டி அனுப்பின தட்டி திரும்பி வந்ததை நைனா பார்க்கவில்லை. அண்ணன் சொன்னதைக் கேட்டார், அவ்வளவுதான்.

கலைக்கூடத்தின் பொறுப்பில் ஒரு பேராசிரியர் இருந்தார். மதராஸ்காரர். கதர் ஜிப்பா, பைப். கட்டை அவிழ்த்துப் படங்களை ஒவ்வொன்றாகச் சுவரோடு சாய்த்துவைத்தேன். லாரிப் படத்துக்கு முன்னால் நின்று, "ட்ரை பண்ணியிருக்கீங்க" என்றார். அம்மாவின் படத்தை, "காலண்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அந்த மூன்றும் பிரமாதமான படங்கள் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். லாரிகளின் நிழல் தப்பு. ஆனால் கடலை விற்கிற பெண்களின் கைகள் சரியாக வந்திருந்தன. அந்தக் கைகளை அவர் பார்க்கவே இல்லை. அவர் கண் கீழே கிடந்த தட்டிக்குப் போய்விட்டது.

குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"இது எங்க கெடச்சுது?"

"எங்க மாட்டுக் கொம்புல கட்டறது சார். படத்துக்கு முட்டுக் குடுக்க எடுத்துட்டு வந்தேன்."

"என்ன ஒரு பவர். இது மாதிரி கண்ணு நான் பார்த்ததே இல்ல. இதை யாரு போடறாங்க?"

"நான்தான் சார் வரைஞ்சேன்."

அப்போதுதான் சிரித்தார். நான் முதலில் சொன்னேனே, அந்தச் சிரிப்பு. குழந்தை, நான்தான் நிலாவைக் கொண்டுவந்தேன் என்று சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது. என் மூன்று படங்களையும் கையால் காட்டி, "நீங்க வரைஞ்சது இது" என்றார். தட்டியைத் தொட்டு, "இதை ஒரு ஆள் வரைய முடியாதும்மா. ஒரு ஊரே சேர்ந்து, தலைமுறை தலைமுறையா வரைஞ்சது. நீங்க பழைய கோடுங்க மேல பெயிண்ட் அடிச்சிருக்கலாம்" என்றார்.

கேட்டுக்கு அடித்த பெயிண்டின் மிச்சம் சார் இது என்றேன். பாரம்பரியத்தில் கிடைக்கிற பொருளை வைத்துத்தான் செய்வார்கள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். கமிட்டி பார்த்து முடிவு செய்யும், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். படங்களை எடுப்பார்களோ மாட்டார்களோ என்கிற பயத்தில் இருந்தவள் நான். வைத்துவிட்டு வந்தேன்.

ஆடி மாதம் அழைப்பிதழ் வந்தது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, திறப்பு விழாவுக்குக் குடும்பத்துடன் வாருங்கள் என்று அச்சடித்திருந்தது. படம் இல்லாவிட்டால் எதற்குக் கூப்பிடுவார்கள்? வீடே சந்தோஷப்பட்டது. அம்மா எனக்குத் தன் கல்யாணப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். நைனா புது வேட்டி கட்டி, தோளில் சிவப்புக் கரை போட்ட புதுத் துண்டு போட்டுக்கொண்டார். அண்ணன் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். பஸ்ஸில் நைனா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடியே, "பேரு பெருசா போட்டிருப்பாங்களா?" என்று கேட்டார். சின்னதாகத்தான் போடுவார்கள் என்றேன். "சின்னதா இருந்தாலும் பேரு பேருதான்" என்றார்.

கலைக்கூடத்தில் ஒரே கூட்டம். தரையெல்லாம் மெழுகு போட்டுத் துடைத்திருந்தார்கள். நைனா வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். இரண்டு மூன்று பேர் அதைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். நான் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கெங்கோ இருக்கிறவர்களின் படங்கள் இருந்தன. என் லாரிகள் இல்லை. பஸ் இல்லை. அம்மா இல்லை. அந்தப் பக்கம் இருக்கும், உள் அறையில் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடுக் கூடத்தின் பெரிய சுவரில், கறுப்புத் துணி விரித்து, மேலே தனியாக ஒரு விளக்குப் போட்டு, ஆள் உயரத்துக்கும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் மாட்டுத் தட்டி. கீழே ஒரு அட்டை. நான் குனிந்து படித்தேன். தளி மலைப்பகுதியின் கிராமியக் கலை. தாய்த்தெய்வத்தின் கண்கள். வரைந்தவர்: பெயர் தெரியாதவர்.

அந்த அட்டைக்கும் எனக்கும் ஒரு சாண் தூரம்தான். என் பெயர், ஊர், வேலை எல்லாம் அவர்களிடம் இருந்தது. அழைப்பிதழை அந்த விலாசத்துக்குத்தான் அனுப்பினார்கள். பிறகு எப்படித் தெரியாமல் போகும்? பேராசிரியர் எங்கே என்று திரும்பினேன்.

அதற்குள் நைனா பார்த்துவிட்டார். அவர் அந்த அட்டையைப் படிக்கவில்லை, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் பார்த்தது ஒன்றைத்தான். தன் மாட்டின் தட்டி வேறொருவன் சுவரில் தொங்குகிறது. எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அவர் மெதுவாக அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"எவனும் தொடலன்னு சொன்ன. ஆனேக்கல்லுல புடுங்கியிருக்காங்க. என்கிட்ட மறைச்சிட்ட, இல்ல?"

"இல்ல நைனா, பரண்லதான் போட்டேன், சத்தியமா" என்று அண்ணன் முழித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா யாரிடமோ கன்னடத்தில், இது யாருடைய இடம் என்று கேட்டுவிட்டார். அவர்கள் பேராசிரியரைக் காட்டினார்கள். நைனா நேராக அவரிடம் போனார். தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்து, உதறி, விரித்து, பேராசிரியரின் தோளில் போட்டு, கும்பிட்டார்.

கூடம் முழுக்கக் கை தட்டினார்கள். கிராமத்துப் பெரியவர் கலைக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவன் ஓடிவந்து படம் எடுத்தான், பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. பேராசிரியர் கண் கலங்கி, நைனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைதட்டலைப் போல என் வாழ்நாளில் எதையும் நான் வெறுத்ததில்லை. என் தகப்பனார் தோற்றுப்போனவனின் மரியாதையைச் செய்துகொண்டிருந்தார், அதுவும் தோற்காத ஒரு மாட்டுக்காக. இவர்களோ அதைத் தங்களுக்குச் செய்த பூசையாக வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் நைனா பணிவாகக் கேட்டார். "நல்லா புடுங்கியிருக்கீங்க சாமி. ஆனேக்கல்லுல எந்தத் தெருவுல?"

"பிடுங்கறதா? நான் ஒண்ணும் பிடுங்கலையே பெரியவரே" என்று பேராசிரியர் சிரித்தார். பிறகு என்னைக் கண்டுகொண்டு, "இந்தப் பொண்ணு பேக்கிங்குக்குச் சுத்திக் கொண்டு வந்தது. நல்லவேளை, என் கண்ணுல பட்டுது" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். கூட்டம் சிரித்தது.

நைனா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீயா எடுத்துட்டு வந்த?"

"ஆமா நைனா. படம் நசுங்கக் கூடாதுன்னு முட்டு வச்சேன். அண்ணன் பொய் சொல்லல. எவனும் புடுங்கல."

"அப்ப உன் படம் எங்க?"

பேராசிரியர் முந்திக்கொண்டு, படங்கள் பின்னால் பத்திரமாக இருக்கின்றன, இந்தத் தடவை இடம் போதவில்லை என்றார். நைனா அதைக் கேட்டபடியே நின்றார். அவருக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, வெளுக்கும். கையை நீட்டி, பேராசிரியரின் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"புடுங்காத தட்டிய செவுத்துல மாட்டக் கூடாது சாமி. எறக்கிக் குடுத்துடுங்க."

பேராசிரியரின் முகம் மாறியது. இது இப்போது பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் சேர்ந்துவிட்டது, பதிவும் ஆகிவிட்டது, அப்படியெல்லாம் எடுக்க முடியாது என்றார். வேண்டுமானால் கடிதம் எழுதிக் கொடுங்கள், கமிட்டி யோசிக்கும் என்றார். அந்தக் கமிட்டியை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

"அது நான் வரைஞ்சது சார்" என்றேன். கூடத்துக்கே கேட்கும்படிதான் சொன்னேன். "பேர் தெரியாதவர்னு போட்டிருக்கீங்க. என் பேர் உங்களுக்குத் தெரியும். அது தெய்வத்தோட கண்ணும் இல்ல. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணு."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை பேராசிரியர் கொஞ்சம் எரிச்சலோடு சிரித்தார். "உங்க உணர்ச்சி எனக்குப் புரியுதும்மா. ஆனா நாட்டுப்புறக் கலைக்கு ஒரு தனி ஆளு சொந்தம் கொண்டாட முடியாது."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நடந்தான். நைனா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "நம்ம வூட்டுக் கை படக்கூடாதுடா" என்றார். அந்த நிலைமையிலும், அந்த மெழுகுத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, அவருக்கு விதிதான் முக்கியம். அண்ணனும் நின்றுவிட்டான். சொந்த வீட்டுத் தட்டியைத் தொட்டவன் என்று ஊரில் பேர் எடுக்க அவனுக்கும் துணிச்சல் இல்லை. இரண்டு ஆண்பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பேராசிரியர் மேல் இருந்த ஆத்திரம் பாதி இவர்கள் மேல் திரும்பியது.

"நைனா, நான் யாரு?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை.

"வாயத் தொறந்தா சொல்லுவீங்களே. நான் எந்த வூட்டுக்காரி?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். புரிந்துவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எப்போதும் சொல்கிற மாதிரி, வெயில் அடிக்கிறது என்கிற மாதிரியே சொன்னார்.

"அடுத்த வூட்டுக்குப் போறவ."

அம்மாவின் கல்யாணப் புடவையை இழுத்துச் செருகினேன். தட்டி ஆள் உயரத்துக்கு மேலே இருந்ததால் நின்ற இடத்திலிருந்து எட்டாது. இரண்டு அடி பின்னால் போய் ஓடிவந்து எகிறினேன். வீட்டு மொட்டைமாடியின் விளிம்பிலிருந்து எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், எங்கே கை போடவேண்டும் என்று எனக்குத் தெரியும். தலைமையாசிரியை மேலிருந்து என்னைப் பார்த்தார். கை தயங்கவில்லை. கயிறு அறுந்தது, கறுப்புத் துணியும் சேர்ந்து சரிந்து விழுந்தது, விளக்கு ஆடியது. நான் முழங்காலில் விழுந்தேன். தட்டி என் கையில் இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. பேராசிரியர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அவன் வந்து, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான். பட்டுப் புடவை கட்டின பெண் ஒருத்தி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருக்கிறாள், அவளை எப்படித் தொடுவான்? நான் அந்த அட்டையையும் எடுத்துக் கிழித்துப் பேராசிரியரின் காலடியில் போட்டேன். அது பண்பாடு இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு இருந்த பண்பாட்டையெல்லாம் அவர்களே வைத்திருந்தார்கள். அண்ணன் பின்பக்கம் போய், நடைவழியில் துடைப்பத்தோடு சாத்திவைத்திருந்த என் மூன்று படங்களையும் தூக்கிக்கொண்டு வந்தான். களி கிண்டுகிற அம்மாவின் முகத்தில் ஒரு கிழிசல்.

வெளிப் படியில் நைனா செருப்பைப் போட்டுக்கொண்டார். பிறகு துண்டை எடுத்து, உதறி, விரித்து, என் தோளில் போட்டார். கும்பிடவும் செய்தார். மகளைக் கும்பிடுகிறோமே என்று அவர் கூச்சப்படவில்லை. தட்டி பிடுங்கினவளைக் கும்பிட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறுவாரமே போய், "தட்டி புடுங்கின பொண்ணு, வேலைய வுடுன்னு என்னால சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. நான் ரிட்டயர் ஆகும்வரை டிராயிங் டீச்சராகவே இருந்தேன். கல்யாணம் பிறகு வேறு இடத்தில் ஆயிற்று. தட்டி என்னோடு அந்த வீட்டுக்கும் வந்தது, முறைப்படி சுவரில் மாட்டினேன்.

நியாயம் கிடைத்துவிட்டது என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, அத்திப்பள்ளி தாண்டுகையில், நான் நைனாவிடம் கேட்டேன். "கண்ணு எப்படி வந்திருக்கு நைனா? நான் போட்டது." அவர் மடியிலிருந்த தட்டியைத் திருப்பிப் பார்த்தார். மூங்கில் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். "கட்டு நல்லா கெட்டியா இருக்கு. நீ எகிறினது அதைவிட நல்லா இருந்துச்சு" என்றார். ஊர் வரும்வரை நான் எகிறினதைப் பற்றியே அண்ணனோடு பேசிக்கொண்டு வந்தார்.

அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். பிடுங்கினதற்காகப் போட்டது. வரைந்ததற்காக இன்றுவரை எனக்கு யாரும் ஒரு துண்டு போடவில்லை.